இத்தாலியப் பல்கலைக்கழகக் கற்பித்தல் ஒப்பந்தத்தை ஆங்கிலமாக்கும்போது எந்தச் சொல்லுக்கு எதைப் போடுவது?

கேள்வி இதுதான்: இத்தாலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ‘புரொஃபெஸ்ஸோரே ஆ கொந்த்ராத்தோ’வாக, அதாவது ஒப்பந்தப் பேராசிரியராகப் பாடம் நடத்தியவர், தன் ஒப்பந்தங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் போகிறார். பதவிப் பெயர், சம்பளம், பணி நேரம், ஒப்பந்த முறிவு ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத வேண்டும்? இத்தாலியச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒலிப்புப்படி தமிழிலேயே தருகிறேன். கையிலுள்ள ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தச் சொல் என்று தெரிந்துவிடும்.

இந்த வகை ஒப்பந்தத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது சட்டப் பிரிவு எண்ணை. பதவிப் பெயரை அப்புறம் பார்க்கலாம். 2010 டிசம்பர் 30ஆம் தேதியிட்ட 240ஆம் எண் சட்டம்தான் இன்றைய இத்தாலியப் பல்கலைக்கழகப் பணி அமைப்புக்கு அடித்தளம். அப்போதைய கல்வி அமைச்சர் ஜெல்மினியின் பெயரால் அதை ஜெல்மினி சட்டம் என்பார்கள். அதன் 23ஆம் பிரிவுதான் வெளியாட்களைப் பாடம் நடத்த அமர்த்தும் ஒப்பந்தங்களைப் பற்றியது. அந்தப் பிரிவுக்குள்ளேயே மூன்று விதம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் ஒரே பெயர்தான்.

முதல் உட்பிரிவு, பெயர்பெற்ற நிபுணர்களுக்கானது. ஒரு கல்வியாண்டுக்குப் போடப்படும், ஆண்டுக்கொரு முறை புதுப்பித்து அதிகபட்சம் 5 ஆண்டு வரை நீட்டலாம், சம்பளத்தோடும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டாம் உட்பிரிவு, குறிப்பிட்ட கற்பித்தல் தேவைக்காகச் சம்பளத்தோடு போடப்படுவது. இதற்கு அறிவிப்பு வெளியிட்டு, விண்ணப்பதாரர்களை ஒப்பிட்டு மதிப்பிட்டுத்தான் ஆளை எடுக்க வேண்டும். மூன்றாம் உட்பிரிவு, வெளிநாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற அறிஞர்களுக்கு நேரடியாகத் தருவது. நீங்கள் அனுப்பும் இடத்தில் ஒப்பந்தத்தைப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். இரண்டாவதில் வந்தவர் போட்டியில் தேர்வானவர், மூன்றாவதில் வந்தவர் அழைக்கப்பட்டவர். ‘ஆர்ட். 23, கொம்மா 2’ என்று ஒப்பந்தத்தில் இருப்பதை நீளமாக இருக்கிறதே என்று மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டால் இந்தத் தகவல் முழுவதும் போய்விடும்.

இங்கே ‘கொம்மா’ என்பது நிறுத்தக்குறி அல்ல, சட்டப் பிரிவின் உட்பத்தி. ஆங்கிலத்தில் ‘பேராகிராஃப்’ என்று போடுங்கள், அல்லது அடைப்புக்குறிக்குள் எண்ணை மட்டும் போட்டு ‘ஆர்ட்டிகிள் 23(2)’ என்று எழுதுங்கள். ‘காமா 2’ என்று எழுதியிருக்கும் மொழிபெயர்ப்பைப் பார்த்தாலே சட்டம் தெரியாத கை என்று தெரிந்துவிடும்.

பதவிப் பெயர்

‘புரொஃபெஸ்ஸோரே ஆ கொந்த்ராத்தோ’வுக்கு எல்லா நாட்டிலும் பொருந்தும் ஒரே ஆங்கிலச் சொல் கிடையாது. அமெரிக்காவுக்கு அனுப்பினால் ‘அட்ஜங்க்ட் புரொஃபசர்’ சரியாகப் பொருந்தும். அங்கே அந்தச் சொல் நிரந்தரப் பணி வரிசைக்கு வெளியே, பாடத்துக்கு இவ்வளவு என்று அமர்த்தப்படுபவரைத்தான் குறிக்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே சொல் பெரும்பாலும் கௌரவப் பதவி. இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் தொழில்துறையிலிருந்து அழைத்து வரப்படும் மூத்தவர்களை அப்படிச் சொல்வதுண்டு. அதே சொல்லைப் பிரிட்டிஷ் வாசகரிடம் கொண்டுபோனால், மணிக்கணக்கில் சம்பளம் வாங்கியவரை மதிப்புறு பேராசிரியராக்கிவிடும். பிரிட்டனுக்கு ‘ஃபிக்ஸட்-டெர்ம் கான்ட்ராக்ட் லெக்சரர்’ அல்லது ‘அவர்லி-பெய்ட் லெக்சரர்’ பொருத்தம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘செஷனல் லெக்சரர்’ என்றால் உடனே புரியும்.

என் யோசனை இதுதான். இத்தாலியப் பெயரைச் சாய்வெழுத்தில் அப்படியே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஆங்கில விளக்கத்தைக் கொடுங்கள். அதன் பிறகு ஆவணம் முழுக்க அந்த விளக்கத்தையே சொல் மாறாமல் பயன்படுத்துங்கள். ஒரு பக்கத்தில் ‘அட்ஜங்க்ட்’, அடுத்த பக்கத்தில் ‘லெக்சரர்’, கடைசியில் ‘விசிட்டிங் புரொஃபசர்’ என்று மாறினால் மூன்று வேறு பதவிகள் என்று படிப்பவர் நினைப்பார்.

‘புரொஃபெஸ்ஸோரே அக்ரெகாத்தோ’ என்று ஒன்று வந்தால் கவனம் தேவை. ஒலி ‘அட்ஜங்க்ட்’டுக்கு அருகில் இருப்பதால் பலர் அதையே போட்டுவிடுகிறார்கள். இது வெளியாளுக்கான பட்டம் கிடையாது. 2005ஆம் ஆண்டின் 230ஆம் எண் சட்டத்தில் வந்தது, 2010 சட்டத்தின் 6ஆம் பிரிவிலும் தொடர்கிறது. பல்கலைக்கழகத்தின் நிரந்தர ஆய்வாளர் ஒரு முழுப் பாடத்தை நடத்தும் கல்வியாண்டில் பெறும் பட்டம் அது. அதை ‘அட்ஜங்க்ட்’ என்று எழுதினால் நிரந்தரப் பணியில் இருந்தவரைத் தற்காலிகப் பணியாளராக்கிவிடுகிறோம். இத்தாலியப் பெயரையே வைத்து, ‘பர்மனன்ட் ரிசர்ச்சர் வித் டீச்சிங் ரெஸ்பான்சிபிலிட்டி’ என்ற மாதிரி விளக்கம் கொடுப்பதே பாதுகாப்பு.

‘ரிச்செர்காத்தோரே’யை ‘ரிசர்ச்சர்’ என்று மட்டும் போட்டாலும் இதே வகைச் சேதம்தான். பாடமே நடத்தாமல் ஆய்வு மட்டும் செய்தவர் என்று வெளிநாட்டில் படிக்கப்படும். இத்தாலியில் அது பேராசிரியர் வரிசைக்குக் கீழே உள்ள கற்பித்தல்–ஆய்வுப் பதவி. 240ஆம் எண் சட்டத்தின் 24ஆம் பிரிவில் காலவரையறை உள்ள ரிச்செர்காத்தோரே இரண்டு வகை இருந்தது. ‘ஆ’ வகை (ஆங்கில ‘ஏ’) 3 ஆண்டு, ஒரு முறை மேலும் 2 ஆண்டு நீட்டலாம். ‘பீ’ வகை 3 ஆண்டு. தேசியத் தகுதிச் சான்று பெற்று மதிப்பீட்டில் தேறினால் இணைப் பேராசிரியராகலாம். 2022ஆம் ஆண்டின் 79ஆம் எண் சட்டம் இந்த இரண்டையும் எடுத்துவிட்டு, அதிகபட்சம் 6 ஆண்டுக்கான ‘டென்யூர் டிராக்’ (நிரந்தரப் பணிக்கு வழிவிடும்) ரிச்செர்காத்தோரே என்ற ஒரே வகையைக் கொண்டுவந்தது. பேச்சுவழக்கில் ‘ஆ’ வகையை ஜூனியர் என்றும் ‘பீ’ வகையை சீனியர் என்றும் சொல்வார்கள். ‘சீனியர் ரிசர்ச்சர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் பல நாடுகளில் அது பேராசிரியருக்கு நிகரான பதவியாகத் தெரியும். ‘அசிஸ்டன்ட் புரொஃபசர், ஃபிக்ஸட்-டெர்ம், டைப் பி’ என்று எழுதிச் சட்டப் பிரிவைச் சேர்த்துவிடுங்கள்.

‘அஸ்ஸேஞோ தி ரிச்செர்கா’ இன்னொரு பொறி. அகராதி ‘ரிசர்ச் கிராண்ட்’ என்று சொல்லும். ஆங்கிலத்தில் ‘கிராண்ட்’ என்றால் திட்டத் தலைவர் வென்ற நிதி என்று பொருள்படும். இது ஒருவருக்குத் தரப்பட்ட ஆய்வுப் பணி. ‘ரிசர்ச் ஃபெலோஷிப்’ என்பதே சரி. ‘போஸ்ட்டாக்டரல்’ என்ற அடைமொழியை முனைவர் பட்டம் பெற்றவராக இருந்தால் மட்டும் சேர்க்க வேண்டும். முனைவர் பட்டம் இல்லாமலும் அதைப் பெற முடிந்தது.

‘ஒர்தினாரியோ’, ‘அசோச்சாத்தோ’ இரண்டிலும் குழப்பமில்லை: முறையே ‘ஃபுல் புரொஃபசர்’, ‘அசோசியேட் புரொஃபசர்’. முதலாவதை ‘ஆர்டினரி புரொஃபசர்’ என்று எழுதாமல் இருந்தால் போதும். ‘குல்தோரே தெல்லா மாத்தேரியா’ என்பவர் தேர்வுக் குழுவில் உட்கார அனுமதி பெற்ற, பொதுவாகச் சம்பளமில்லாத துறை வல்லுநர். ‘சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட்’ என்று போட்டு, ‘அப்பாயின்டட் டு சிட் ஆன் எக்ஸாமினிங் போர்ட்ஸ்’ என்ற விளக்கம் சேர்க்கலாம்.

மொழி கற்பிப்பவர்களின் நிலை தனிக் கதை. ‘லெத்தோரே’ என்ற சொல் 1980ஆம் ஆண்டின் 382ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணையின் 28ஆம் பிரிவில் வந்தது: தாய்மொழியைக் கற்பிக்க அமர்த்தப்பட்ட வெளிநாட்டவர். இவர்களின் ஒப்பந்தக் கால வரம்பு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1989இன் அல்யூவே–கூனன் வழக்கில், எந்த நாட்டவர் என்பதை வைத்துக் காட்டும் பாகுபாடு இது என்று நீதிமன்றம் சொன்னது. 1995இல் இந்தப் பதவியின் இடத்தில் ‘கொல்லபொராத்தோரே எத் எஸ்பெர்த்தோ லிங்குயிஸ்திகோ’ என்ற புதுப்பெயர் வந்தது, சுருக்கமாக ‘செல்’. லெத்தோரேயை ‘ரீடர்’ என்று பெயர்த்தால் அது பிரிட்டனில் பேராசிரியருக்கு ஒரு படி கீழேயுள்ள உயர் பதவியாகிவிடும். ஐரோப்பிய நீதிமன்றத்தின் ஆங்கிலத் தீர்ப்புகள் ‘ஃபாரின்-லாங்குவேஜ் அசிஸ்டன்ட்’ என்று எழுதின. செல் பதவிக்கு ‘மதர்-டங் லாங்குவேஜ் இன்ஸ்ட்ரக்டர்’ போதும். பழைய பெயரா புதிய பெயரா என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவர்களின் சம்பள, பணிமூப்பு உரிமைகள் அந்தப் பெயரைத் தொட்டே ஓடுகின்றன.

ஒரே வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இந்த ஒப்பந்தங்களின் மையத்தில் ஏறக்குறைய இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: ‘லின்காரிகோ எ கொன்ஃபெரீத்தோ ஆ தீத்தொலோ ஒனெரோஸோ, ஆய் சென்ஸி தெல் ஆர்ட். 23, கொம்மா 2, தெல்லா லெஜ்ஜே 240/2010 எ எஸ்.எம்.ஐ., பெர் 40 ஓரே தி திதாத்திகா ஃபிரொந்தாலே.’

சொல்லுக்குச் சொல் மாற்றினால் கிடைப்பது: ‘தி சார்ஜ் இஸ் கன்ஃபர்ட் வித் ஆனரஸ் டைட்டில், இன் தி சென்ஸ் ஆஃப் ஆர்ட். 23, காமா 2... ஃபார் 40 அவர்ஸ் ஆஃப் ஃபிரன்டல் டைடாக்டிக்ஸ்.’ ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இதில் ஒன்றும் விளங்காது.

எழுத வேண்டியது: ‘திஸ் பெய்ட் டீச்சிங் அப்பாயின்ட்மென்ட் இஸ் மேட் பர்சுவன்ட் டு ஆர்ட்டிகிள் 23(2) ஆஃப் லா நம்பர் 240 ஆஃப் 2010, ஆஸ் அமெண்டட், ஃபார் 40 கான்டாக்ட் அவர்ஸ்.’

‘ஆ தீத்தொலோ ஒனெரோஸோ’ என்பதற்குச் சுமையோடு சம்பந்தமில்லை, சம்பளத்தோடு என்று பொருள். அதன் எதிர்ப்பதம் ‘ஆ தீத்தொலோ கிராத்துயித்தோ’, அதாவது சம்பளமின்றி. ‘வித்தவுட் ரெம்யூனரேஷன்’ என்று தெளிவாக எழுதுங்கள். ‘ஃப்ரீ’ என்ற சொல்லைத் தொடவே வேண்டாம், அது கட்டணமில்லாப் பாடமா, சுதந்திரப் பதவியா என்று வேறு கேள்விகளைக் கிளப்பும். ‘எஸ்.எம்.ஐ.’ என்ற சுருக்கம் பின்னாளில் வந்த திருத்தங்களையும் சேர்த்து என்பதைச் சொல்கிறது, ஆங்கிலத்தில் ‘ஆஸ் அமெண்டட்’ என்ற இரண்டு சொல்லில் முடிந்துவிடும்.

‘இன்காரிகோ’வுக்கும் ‘அஃபிதமெந்தோ’வுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். முதலாவது பொதுச்சொல், ஒப்படைக்கப்பட்ட பணி. இரண்டாவதைப் பெரும்பாலும் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆசிரியருக்கு ஒரு பாடத்தை ஒதுக்குவதற்குப் பயன்படுத்துவார்கள். வெளியாளோடு செய்வது ‘கொந்த்ராத்தோ’. ஆகவே ‘அஃபிதமெந்தோ’வை ‘டீச்சிங் அசைன்மென்ட்’ என்றும், வெளியாள் ஒப்பந்தத்திலுள்ள ‘இன்காரிகோ’வை ‘டீச்சிங் அப்பாயின்ட்மென்ட்’ என்றும் பிரித்து வைத்தால் இரண்டும் ஒரே ஆவணத்தில் வந்தாலும் மோதாது.

‘கொந்த்ராத்தோ தி திரித்தோ பிரிவாத்தோ’ என்பதை ‘பிரைவேட் கான்ட்ராக்ட்’ என்று எழுதினால் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனிப்பட்ட முறையில் போட்ட ஏற்பாடு போலத் தொனிக்கும். ‘கான்ட்ராக்ட் கவர்ன்ட் பை பிரைவேட் லா’ என்று எழுதுங்கள். இந்த ஒப்பந்தம் நிரந்தரப் பணி வரிசைக்கு எந்த உரிமையும் தராது என்று 23ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. அதையே ஒப்பந்தத்தில் தனி வாக்கியமாக வைப்பார்கள். ‘ரூவோலோ’ என்ற சொல்லை அங்கே ‘ரோல்’ என்று பெயர்க்காதீர்கள். ‘பர்மனன்ட் அக்கடமிக் போஸ்ட்ஸ்’ என்பதே பொருள்.

ஒலியால் ஏமாற்றும் இன்னொரு இரட்டை: ‘தெம்போ தெதெர்மினாத்தோ’, ‘தெம்போ தெஃபினீத்தோ’. முதலாவது காலவரையறை உள்ள பணி, ‘ஃபிக்ஸட்-டெர்ம்’. இரண்டாவது பகுதிநேரப் பணிமுறை, ‘பார்ட்-டைம் ரெஜீம்’. நிரந்தரப் பேராசிரியரும் ‘தெஃபினீத்தோ’வில் இருக்கலாம். சட்டக் கணக்குப்படி முழுநேரத்தவரின் ஆண்டுப் பணி 1,500 மணி, பகுதிநேரத்தவருக்கு 750 மணி. கற்பித்தலுக்கும் மாணவர் சேவைக்கும் பேராசிரியர் ஒதுக்க வேண்டியது முழுநேரத்தில் குறைந்தது 350 மணி, பகுதிநேரத்தில் 250 மணி. இரண்டு சொற்களையும் இடம் மாற்றினால் நிரந்தரப் பணி தற்காலிகமாகிவிடும். விண்ணப்பங்களில் இதைவிடப் பெரிய சேதம் விளைவிக்கும் பிழை குறைவு.

மணி, கிரெடிட், கூடவே வரும் கடமைகள்

‘திதாத்திகா ஃபிரொந்தாலே’ என்றால் வகுப்பில் மாணவர்கள் எதிரே நடத்தும் பாடம். ‘கான்டாக்ட் அவர்ஸ்’ அல்லது ‘கிளாஸ்ரூம் டீச்சிங்’. ‘திதாத்திகா இந்தெகிராத்தீவா’ அதற்குத் துணையான பயிற்சி வகுப்பு, ஆய்வகம், கருத்தரங்கு போன்றவை, ‘சப்ளிமென்டரி டீச்சிங்’. ‘எஸெர்சிதாத்சியோனி’யை ‘எக்சர்சைஸ்’ என்று போட்டால் உடற்பயிற்சியா வீட்டுப்பாடமா என்று குழம்புவார்கள். ‘பிராக்டிக்கல் கிளாசஸ்’ என்றோ ‘பிராப்ளம் கிளாசஸ்’ என்றோ பாடத்தைப் பார்த்து எழுதுங்கள்.

கிரெடிட்டையும் வகுப்பு மணியையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. இத்தாலியில் ஒரு ‘சி.எஃப்.யு.’, அதாவது ஒரு பல்கலைக்கழகக் கிரெடிட் என்பது மாணவரின் மொத்த உழைப்பில் 25 மணி. அதில் வகுப்பும் வீட்டில் படிப்பதும் சேர்ந்தே இருக்கிறது. வகுப்பு மணி அதில் எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகமும் படிப்பும் தீர்மானிக்கின்றன. 6 கிரெடிட் பாடம் ஓரிடத்தில் 36 மணி, இன்னோரிடத்தில் 48 மணி. ஒப்பந்தத்தில் கிரெடிட் மட்டும் இருந்தால் நீங்களாக மணியைக் கணக்கிட்டுச் சேர்க்காதீர்கள். மணி மட்டும் இருந்தால் கிரெடிட்டைச் சேர்க்காதீர்கள். சி.எஃப்.யு.வை ‘யூனிவர்சிட்டி கிரெடிட்ஸ்’ என்று பெயர்த்து, நடைமுறையில் ஐரோப்பிய ஈ.சி.டி.எஸ். கிரெடிட் அலகோடு ஒன்றுக்கு ஒன்று என்று குறிப்பில் சொல்லலாம்.

‘அப்பெல்லோ’வும் ‘செஸ்ஸியோனே’யும் ஒன்றல்ல. செஸ்ஸியோனே என்பது தேர்வுக்காலம், ‘எக்ஸாம் பீரியட்’. அந்தக் காலத்துக்குள் வரும் ஒவ்வொரு தேர்வுத் தேதியும் ஓர் அப்பெல்லோ, ‘எக்ஸாம் சிட்டிங்’. அதை ‘அப்பீல்’ என்று எழுதினால் மேல்முறையீடாகிவிடும். மாணவரை அலுவல் அறையில் சந்திக்கும் நேரமான ‘ரிச்செவிமெந்தோ’வுக்கு ‘ஆஃபீஸ் அவர்ஸ்’. ‘ரெலாத்தோரே’ ஆய்வேட்டு வழிகாட்டி, ‘தீசிஸ் சூப்பர்வைசர்’. ‘கொர்ரெலாத்தோரே’ சில இடங்களில் இணை வழிகாட்டி, சில இடங்களில் இரண்டாம் மதிப்பீட்டாளர். ஒழுங்குவிதியைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

இந்தக் கடமைப் பட்டியலைச் சுருக்காமல் முழுதும் பெயர்க்க வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று எழுதப்படும் தொகை வகுப்பு மணியை மட்டும் எண்ணிக் கணக்கிடப்படுவது. தேர்வு நடத்துவது, மாணவரைச் சந்திப்பது, ஆய்வேடு பார்ப்பது எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். ‘ஒன்னிகொம்பிரென்சீவோ’ என்ற சொல் அதைத்தான் குறிக்கிறது: ‘ஆல்-இன்க்ளூசிவ்’. அதை விட்டுவிட்டால், 40 மணிக்குச் சம்பளம் வாங்கியவர் 40 மணிதான் வேலை செய்தார் என்று வெளிநாட்டார் கணக்கிடுவார்கள். அவர் வகுப்பு முடிந்த பின்னும் அந்தக் கல்வியாண்டின் தேர்வுகள் முடியும்வரை பொறுப்பில் இருந்தவர். அந்தத் தேர்வுகள் பெரும்பாலும் அடுத்த காலண்டர் ஆண்டின் வசந்தம் வரை போகும். ஒப்பந்தத் தேதிகளுக்கும் வகுப்புத் தேதிகளுக்கும் உள்ள இடைவெளி இதனால் வருவது. அது பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

ஆள்தேர்வு அறிவிப்பிலுள்ள ‘தீத்தொலி’ பட்டங்கள் என்பதைவிட விரிந்தது: பட்டம், வெளியீடு, அனுபவம் எல்லாமும் சேர்ந்த தகுதிகள். ‘பெர் தீத்தொலி எ கொல்லோகுயோ’ என்றால் தகுதிகளும் நேர்காணலும் பார்த்துத் தேர்வு. தேர்வான வரிசைப் பட்டியல் ‘கிரதுவாத்தோரியா’, ‘ரேங்க்ட் லிஸ்ட்’. இதற்கும் ‘கிராஜுவேஷனு’க்கும் சம்பந்தம் இல்லை. பாடக்கூறு என்றும் விண்ணப்பப் படிவம் என்றும் இரண்டு பொருள் தரும் ‘மோதுலோ’வையும் இடம் பார்த்துப் பெயர்க்க வேண்டும்.

துறைக் குறியீட்டை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள். ஆங்கில மொழியியல் துறைக்கு ‘எல்-லின்/12’ என்றிருந்த குறியீடு, 2024இல் வந்த அமைச்சக ஆணைக்குப் பிறகு ‘ஏ.என்.ஜி.எல்.-01/சி’ ஆகிவிட்டது. பழைய ஒப்பந்தத்தில் பழைய குறியீடு இருப்பதுதான் சரி. புதியதாக மாற்றினால் ஆவணத்தையே திருத்தியதாகும்.

பணம்

குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். ‘லொர்தோ’ என்றால் பிடித்தத்துக்கு முந்தைய தொகை. அதிலும் இரண்டு லொர்தோ உண்டு. ‘லொர்தோ பெர்சிபியெந்தே’ என்பது ஆசிரியருக்குச் சேர வேண்டிய, அவர் தரப்பு வரி, காப்பீடு பிடிப்பதற்கு முந்தைய தொகை. ‘லொர்தோ எந்தே’ என்பது அதோடு பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து கட்டும் வரி, காப்பீட்டுப் பங்கும் சேர்ந்த மொத்தச் செலவு. இரண்டையும் ‘கிராஸ்’ என்று எழுதினால் ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் இருப்பது போலத் தெரியும்.

எண்ணோடு பார்த்தால் தெளியும். 2011 ஜூலை 21ஆம் தேதி ஆணை எண் 313, இந்த ஒப்பந்தங்களுக்கு ஒரு கற்பித்தல் மணிக்குக் குறைந்தது 25 யூரோ, அதிகபட்சம் 100 யூரோ என்று வரம்பு போட்டது. குறைந்த வீதத்தில் 40 மணிக்கு 1,000 யூரோ. இதுதான் லொர்தோ பெர்சிபியெந்தே. வேறு வேலையில் ஓய்வூதியக் காப்பீடு உள்ளவர் பணி இணைப்பு ஒப்பந்தத்தில், அதாவது ‘கொ.கொ.கொ.’ வகையில் இருந்தால், ஓய்வூதிய நிதிக்கு 24 சதவீதம். அதில் மூன்றில் இரண்டு பங்கு பல்கலைக்கழகம் கட்டும்: 160 யூரோ. பொதுத்துறை நிறுவனம் கட்டும் ‘இராப்’ வரி 8.5 சதவீதம்: 85 யூரோ. விபத்துக் காப்பீட்டுச் சிறு தொகையை விட்டுவிட்டாலும் லொர்தோ எந்தே 1,245 யூரோ ஆகிறது. ஆசிரியர் தன் பங்கான 80 யூரோவையும் வருமான வரியையும் அந்த 1,000 யூரோவிலிருந்து கொடுப்பார்.

ஆகவே முதலாவதற்கு ‘கிராஸ் அமவுன்ட் பேயபிள் டு தி லெக்சரர்’ என்றும், இரண்டாவதற்கு ‘டோட்டல் காஸ்ட் டு தி யூனிவர்சிட்டி’ என்றும் எழுதுங்கள். ‘அல் நெத்தோ தெல்லி ஒனெரி ஆ காரிகோ தெல் அம்மினிஸ்திராத்சியோனே’ என்ற தொடரைப் பார்த்து அதை ‘நெட் சேலரி’ என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. நிர்வாகம் கட்டும் பங்கு சேராத தொகை என்றுதான் அது சொல்கிறது. ஆசிரியரின் கணக்கில் அது இன்னும் கிராஸ்தான்.

‘கொ.கொ.கொ.’வை ‘எம்ப்ளாய்மென்ட் கான்ட்ராக்ட்’ என்று போடாதீர்கள். அவர் ஊழியர் அல்லர், முழுச் சுயதொழிலரும் அல்லர். ‘கோஆர்டினேட்டட் அண்ட் கன்டின்யூவஸ் கொலாபரேஷன்’ என்று போட்டு, ‘எ ஃபார்ம் ஆஃப் குவாசி-சபார்டினேட் செல்ஃப்-எம்ப்ளாய்மென்ட்’ என்ற விளக்கம் சேருங்கள். வெளிநாட்டு விசா, வரி அலுவலகங்களில் இந்த ஒரு வரி வேலை செய்யும்.

தொகையின் எழுத்துமுறையையும் மாற்ற வேண்டும். இத்தாலியில் ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. ‘1.000,00’ என்பதைத் திருப்பிப் போடாமல் விட்டால் ஆங்கில வாசகர் ஒரு யூரோ என்று படிக்க இடமிருக்கிறது.

ஒப்பந்தம் முறியும் இடங்கள்

இத்தாலியச் சட்டத்தில் ‘ரெசெஸ்ஸோ’, ‘ரிஸொலுத்சியோனே’, ‘ரெஷிஸ்ஸியோனே’, ‘தெகதென்ஸா’ நான்கும் நான்கு. ரெசெஸ்ஸோ ஒரு தரப்பு தானாக விலகுவது, ‘வித்டிராயல்’. முன்னறிவிப்பு நாட்களோடு வரும். ரிஸொலுத்சியோனே மறுதரப்பு கடமை தவறியதால் முடிவது, ‘டெர்மினேஷன் ஃபார் பிரீச்’. குடிமைச் சட்டத்தின் 1453 முதலான பிரிவுகள். 1456ஆம் பிரிவு குறிப்பிடப்பட்டிருந்தால் அது ‘எக்ஸ்பிரஸ் டெர்மினேஷன் கிளாஸ்’. ரெஷிஸ்ஸியோனே ஆபத்து நிலையிலோ கடும் ஏற்றத்தாழ்விலோ செய்த ஒப்பந்தத்துக்கான தனி வழி, பிரிவு 1447, 1448. கற்பித்தல் ஒப்பந்தத்தில் அது வந்தால் பெரும்பாலும் எழுதியவர் ரிஸொலுத்சியோனேயைத்தான் நினைத்திருப்பார். நீங்கள் இருப்பதை அப்படியே பெயர்த்துக் குறிப்புப் போடுங்கள். தெகதென்ஸா உரிமையை இழப்பது: கெடுவுக்குள் பணியேற்காதவரின் நிலை, ‘ஃபோர்ஃபீச்சர்’. நான்குக்கும் ‘கேன்சலேஷன்’ என்று ஒரே சொல்லைத் தெளித்தால், தானாக விலகியவரும் நீக்கப்பட்டவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

‘நுல்லா ஒஸ்தா’ என்றால் வேறு அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் தன் அலுவலகத்திடம் வாங்கும் முன்அனுமதி, 2001ஆம் ஆண்டின் 165ஆம் எண் ஆணையின் 53ஆம் பிரிவின்படி. ‘பிரையர் ஆதரைசேஷன் ஃபிரம் தி எம்ப்ளாயர்’. உறவினர் பற்றிய உறுதிமொழியும் இருக்கும்: அந்தத் துறையின் பேராசிரியர், ரெக்டர் எனப்படும் பல்கலைக்கழகத் தலைவர், தலைமை இயக்குநர், நிர்வாகக் குழுவினர் ஆகியோரோடு நான்காம் படி வரை இரத்த உறவோ மணவுறவோ இல்லை என்பது. மணவுறவான ‘அஃபினித்தா’வை ‘அஃபினிட்டி’ என்று மட்டும் எழுதாமல் ‘ரிலேஷன்ஷிப் பை மேரேஜ்’ என்று விளக்கிவிடுங்கள்.

சான்றொப்பம்

எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்களோ அந்த நாட்டு விதியைப் பாருங்கள். அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு, மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது, பெயர்ப்பவருக்கு அந்தத் தகுதி உண்டு என்ற மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி போதும். பிரிட்டன் விசாவுக்குத் தேதி, பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் வேண்டும். இத்தாலிய நீதிமன்றத்தில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பு கேட்கப்பட்டால் மட்டும் அதற்குப் போங்கள். அதற்கு 4 பக்கத்துக்கு ஒரு 16 யூரோ முத்திரைவில்லை வேண்டும்.

ஒப்பந்தம் பாடம் ஒப்படைக்கப்பட்டதைத்தான் காட்டும், நடத்தி முடித்ததைக் காட்டாது. துறை அலுவலகத்திடம் பணிச் சான்றும் கேட்டு வாங்கிச் சேர்த்துப் பெயர்த்துவிடுங்கள். 2012 முதல் இத்தாலியச் சான்றுகளின் அடியில், இதை இத்தாலிய அரசு அமைப்புகளிடமோ பொதுச்சேவை நடத்துவோரிடமோ தாக்கல் செய்யக் கூடாது என்ற வாசகம் கட்டாயம். அதைப் பெயர்க்காமல் விடவும் கூடாது, விளக்கமின்றி விடவும் கூடாது. ‘இந்தத் தடை இத்தாலிய அரசு அமைப்புகளுக்கும் பொதுச்சேவை நடத்துவோருக்கும் மட்டுமே, வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தொடாது’ என்ற மொழிபெயர்ப்பாளர் குறிப்பை ஆங்கிலத்தில் ஒரே வரியில் சேருங்கள். முடிந்தால் சான்று கேட்கும்போதே வெளிநாட்டுக்கு என்று சொல்லி, அதற்கான வாசகத்தோடு வாங்கிவிடுங்கள்.